பிரம்பு நாற்காலியும் ஓர் ஓவியரும்

இரு கைகளையும் கன்னங்களில் வைத்து, வாயைத் திறந்து, கண்கள் விரிய நிற்கும் ஓர் உருவம். அதன் பின்னால் இரத்தச் சிவப்பாய் நெளியும் வானம். சித்திரப் பாடம் படிக்காதவர்கள்கூட இந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். பயத்தைக் காட்டுவதற்காகக் கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் சிறு முகமும் இதைத்தான் நினைவூட்டுகிறது. 'அலறல்' என்ற அந்த ஓவியத்தை வரைந்தவர் நோர்வே நாட்டவரான எட்வர்ட் மூங்க். நவீன ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர். அவருக்கென்றே ஒஸ்லோ நகரில் 13 மாடிகளில் ஒரு நூதனசாலை நிற்கிறது. ஒரே ஓர் ஓவியருக்கு இவ்வளவு பெரிய கட்டடமா என்ற வியப்பில்தான் அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். வாசித்து முடித்தபோது 'அலறல்' ஓவியத்தை விட அந்த நூதனசாலைக்குச் சொந்தமான ஒரு பழைய பிரம்பு நாற்காலியே என் மனதில் தங்கிவிட்டது.

மூங்க் 1863 டிசம்பர் 12 ஆம் திகதி பிறந்தார். தந்தை இராணுவ வைத்தியர். ஐந்து பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். ஐந்து வயதானபோது தாய் காசநோயால் இறந்தார். தாயின் சகோதரி காரென் அந்த வீட்டுக்கு வந்து பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். சிறுவன் எட்வர்டும் அடிக்கடி நோயில் விழுந்தான். பாடசாலைக்குப் போக முடியாத குளிர்கால நாட்களில் வீட்டிலிருந்து படம் வரைந்தான்.

1877 இல் மூத்த சகோதரி சோபியையும் அதே காசநோய் பிடித்தது. அந்நோயைக் குணமாக்கும் மருந்து அன்று உலகில் எங்குமே இல்லை. தந்தை வைத்தியராக இருந்தும் மகளைக் காப்பாற்ற முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்தபடியே சோபி உயிர் நீத்தாள். அவளுக்கு வயது 15. தம்பிக்கு இன்னும் 14 ஆகவில்லை. அந்த நாற்காலியை மூங்க் தம் வாழ்நாள் முழுவதும் தம்மிடமே வைத்திருந்தார்.

பின்னர் அவர் பொறியியல் கற்கத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். ஓராண்டளவில் அதை விட்டுவிட்டு, தந்தையின் மனவருத்தத்தையும் பொறுத்துக்கொண்டு, ஓவியக் கலையைத் தேர்ந்தார். 1885 இல் 'நோயுற்ற பிள்ளை' என்ற ஓவியத்தைத் தொடங்கினார். தலையணையில் சாய்ந்திருக்கும் செந்நிறக் கூந்தல் சிறுமி. பக்கத்தில் தலை குனிந்திருக்கும் ஒரு பெண். வேறெதுவும் இல்லை. ஆனால் அதை அவரால் இலகுவில் முடிக்க முடியவில்லை. பூசிய வர்ணத்தைச் சுரண்டினார், திரும்பப் பூசினார், மறுபடியும் சுரண்டினார். அந்தக் கீறல்கள் இன்றும் படத்தில் தெரிகின்றன. 1886 இல் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, முடிக்கப்படாத கிறுக்கல் என்று பலர் ஏளனம் செய்தனர். நோயாளிச் சிறுமிகளை அழகாகவும் ஒழுங்காகவும் வரைந்த ஓவியர்கள் அன்று பலர் இருந்தார்கள். மூங்க் வரைந்ததோ ஒரு தம்பியின் நினைவில் கிடந்த காட்சி. நினைவு ஒழுங்காக இருக்குமா? அதே படத்தை அடுத்த 40 ஆண்டுகளில் மேலும் ஐந்து தடவைகள் வரைந்தார்.

இந்த இடத்தில் என் மனம் எங்கள் வீட்டுக்குத் திரும்பியது. என் உம்மாவுக்கு ஒரு ராத்தா இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே நோயில் மௌத்தாகிவிட்டார். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. என்ன நோய் என்று கேட்டால் உம்மும்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார். மறப்பதற்காக அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மூங்கின் வாழ்க்கையை வாசித்தபின், மறக்க முடியாததால்தான் பேசாமல் இருக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

1892 இல் பேர்லின் ஓவியர் சங்கம் மூங்கை அழைத்துக் கண்காட்சி வைத்தது. படங்களைப் பார்த்த உறுப்பினர்கள் கொதித்தெழுந்து, ஒரே வாரத்தில் அதை மூடிவிட்டனர். மூடியதாலேயே அவர் பெயர் ஜேர்மனி எங்கும் பரவியது. அடுத்த ஆண்டு 'அலறல்' பிறந்தது. ஒரு மாலைப் பொழுதில் இரு நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தபோது வானம் திடீரெனச் சிவந்ததையும், இயற்கையை ஊடுருவி ஓர் அலறல் எழுவதுபோல் தாம் உணர்ந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். எனவே படத்திலுள்ள உருவம் அலறுகிறது என்பதை விட, தன்னைச் சுற்றி எழும் அலறலைத் தாங்க முடியாமல் காதைப் பொத்துகிறது என்று கொள்வதே பொருந்தும்.

அந்தப் படத்தின் மூலையில் பென்சிலால் மிகச் சிறிதாக ஒரு வரி உண்டு. இதை ஒரு பைத்தியக்காரன்தான் வரைந்திருக்க முடியும் என்பது அதன் கருத்து. யாரோ ஒரு பார்வையாளர் குறும்பாகக் கிறுக்கியது என்றே பலர் எண்ணியிருந்தனர். 2021 இல் நோர்வேயின் தேசிய நூதனசாலை கையெழுத்தை ஆராய்ந்து, அதை எழுதியவர் மூங்கேதான் என்று அறிவித்தது. ஊரார் தம்மைப் பற்றிப் பேசியது அவரை எவ்வளவு சுட்டிருக்க வேண்டும்! அவருடைய தங்கை லோரா மனநோயால் நீண்டகாலம் துன்பப்பட்டவர். அந்த நோய் தமக்கும் வந்துவிடுமோ என்ற அச்சம் அவரோடு கூடவே நடந்தது.

அந்த அச்சமும், ஓயாத அலைச்சலும், மதுவும் சேர்ந்து 1908 இல் அவரை வீழ்த்தின. கொப்பன்ஹேகனில் ஒரு வைத்தியரின் சிகிச்சை நிலையத்தில் சுமார் எட்டு மாதங்கள் தங்கினார். அதை வெட்கமாக நினைத்து அவர் மறைக்கவில்லை. தமக்குச் சிகிச்சை அளித்த வைத்தியரையே ஆளுயரப் படமாக வரைந்தார். குணமாகி நோர்வே திரும்பியபின், ஒஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்துக்காக அவர் வரைந்த பெரும் ஓவியம் 'சூரியன்'. கடலுக்கு மேலே எழுந்து திசையெங்கும் கதிர் வீசும் சூரியன். 'அலறல்' வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது.

பிற்காலத்தில் ஒஸ்லோவுக்கு அருகே ஏகெலி என்ற இடத்தில் தனியாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓவியங்களையே தம் பிள்ளைகள் என்றார். ஆனாலும் அவற்றை மழையிலும் பனியிலும் வெளியே வைத்துவிடுவார்! வலிய பிள்ளைகள் தாங்கும் என்பது அவர் எண்ணம்.

1937 இல் ஹிட்லரின் அரசு மூங்கின் படைப்புகளைச் சீரழிந்த கலை என்று முத்திரை குத்தி, ஜேர்மன் நூதனசாலைகளிலிருந்து 82 படைப்புகளை அகற்றியது. 'நோயுற்ற பிள்ளை' ஓவியங்களில் ஒன்றும் அப்படி வெளியேற்றப்பட்டது. 1940 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேக்குள்ளேயே புகுந்தன. அப்போது மூங்குக்கு வயது 76. ஒன்பது நாட்களின் பின், ஏப்ரல் 18 ஆம் திகதி, தம்மிடமிருந்த படைப்புகள் அனைத்தையும் ஒஸ்லோ மாநகர சபைக்கு எழுதி வைத்தார். 1,000 க்கும் மேற்பட்ட வர்ண ஓவியங்கள், 15,000 க்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள், ஆயிரக்கணக்கான கோட்டுச் சித்திரங்கள். 1944 ஜனவரி 23 ஆம் திகதி அவர் காலமானார். தம் நாடு விடுதலையாவதைக் காணும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெரும் சொத்துக்கு 1963 இல், அவரது நூற்றாண்டில், ஒரு வீடு கிடைத்தது. நகர சபை நடத்திய சினிமாக் கொட்டகைகளின் இலாபத்தில் அந்த நூதனசாலை கட்டப்பட்டது. 2004 இல் ஆயுதம் ஏந்திய திருடர்கள் பட்டப்பகலில் அங்கிருந்து ஓர் 'அலறல்' ஓவியத்தைப் பறித்துச் சென்றனர். ஈராண்டுகளின் பின் அது மீட்கப்பட்டது. 2021 ஒக்டோபரில் கடலோரத்தில் இன்றைய புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அங்கே 'அலறல்' படத்தின் மூன்று வடிவங்களை மாறி மாறித்தான் காட்டுகிறார்கள். ஒன்று வெளிச்சத்தில் இருக்கும்போது மற்ற இரண்டும் இருட்டில் ஓய்வெடுக்கின்றன. அதிக வெளிச்சம் பட்டால் அவை மங்கிவிடுமாம். துயரத்தையும் அப்படித்தான் காட்ட வேண்டும் போலும். எப்போதும் காட்டிக்கொண்டிருக்கவும் கூடாது, ஒரேயடியாகப் பூட்டி வைக்கவும் கூடாது.

சகோதரிகளே, பரீட்சைப் பயமும் வீட்டுக் கவலைகளும் நம்மையும் அழுத்துகின்றன. மனம் சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் ஊர் என்ன பேசுமோ என்று அஞ்சி அடக்கிக்கொள்கிறோம். பெற்றோரும் நம் நன்மையை நினைத்தே மறைக்கச் சொல்கிறார்கள். ஆனால் சோபி என்ற 15 வயதுச் சிறுமியை இன்று உலகம் அறிந்திருப்பது, அவளுடைய தம்பி அவளைப் பற்றிப் பேசாமல் இருக்க மறுத்ததால்தான். நம் வீடுகளிலும் பெயர் சொல்லப்படாத சோபிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் உம்மாமாரிடம் மெதுவாக, அன்போடு கேட்டுப் பார்ப்போம்.