சேதுபதியும் சுவரோவியங்களும்

சேது நாட்டை ஆண்ட மன்னர்களுள் முத்துவிஜய ரகுநாத சேதுபதி குறிப்பிடத்தக்கவர். திருவுடையாத்தேவர் என்பது இவரது மற்றொரு பெயர். கிழவன் சேதுபதியின் காலத்திற்குப் பின், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி செய்தார்.

இராமேசுவரம் செல்லும் அடியார்களைக் காப்பது சேதுபதிகளின் தலையாய கடமை. மன்னரின் மருமகன் பாம்பன் பகுதியில் அடியார்களிடம் வரி வாங்கினார் என்றும், அதனை அறிந்த மன்னர் உறவென்றும் பாராது அவருக்கு மரண தண்டனை விதித்தார் என்றும் வழிவழியாகக் கூறுவர். அவருக்கு மணம் செய்து தரப்பட்டிருந்த மன்னரின் மகளிர் இருவரும் உடன் உயிர்நீத்தனர். அவர்கள் நினைவாக எழுந்தவையே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்பர்.

அறத்தைப் போலவே கலையையும் இம்மன்னர் போற்றினார். கிழவன் சேதுபதி எழுப்பிய இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவர்கள் இவர் காலத்தில் வண்ணம் பெற்றன. இராமாயணக் காட்சிகள், தஞ்சை மராத்தியருடன் நடந்த போர், மன்னர் கண்டு மகிழும் ஆடற்காட்சி ஆகியவை அங்கே தீட்டப்பட்டுள்ளன. மன்னர் ஐரோப்பியருடன் உரையாடும் காட்சியும் உண்டு.

இவ்வோவியங்களின் அருமையை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். 1769இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக், பசிபிக் பெருங்கடலில் உள்ள பொலினீசியத் தீவுகளை அடைந்தார். உடன் சென்ற ஓவியர் சிட்னி பார்க்கின்சன் தீவினரின் நடனத்தை நேரில் கண்டு வரைந்தார். 1771இல், நாடு திரும்பும் வழியில், கடலிலேயே இறந்தார். அவரது படத்தை இலண்டனில் சிப்ரியானி என்பவர் திருத்தி வரைய, பார்த்தலோசி என்பவர் செப்புத் தகட்டில் செதுக்கினார். அவ்விருவரும் அத்தீவுகளைக் கண்டவரல்லர். ஆகவே, 1773இல் வெளிவந்த நூலில் தீவு மகளிர் பண்டைக் கிரேக்கச் சிலைகளின் சாயலைப் பெற்றனர். தம் ஆடலைத் தாமே வரைந்து அந்நூலின் வழியே உலகிற்குக் காட்டும் வாய்ப்பு அம்மக்களுக்குக் கிட்டவில்லை.

சேது நாட்டிற்கோ அவ்வாய்ப்பு அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே கிட்டியது. தம் மண்ணின் ஆடலை மட்டுமன்றி, கடல்கடந்து வந்த ஐரோப்பியரையும் இந்நாட்டு ஓவியர் தம் கண்கொண்டு வரைந்தனர்.

சேதுபதி 1725இல் மறைந்தார். இராமலிங்க விலாசம் இன்று தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மன்னரின் பெருமையை அதன் சுவர்கள் உரைக்கின்றன. அவர் தாங்கிய துயரை இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள இரண்டு ஊர்ப்பெயர்கள் உரைக்கின்றன. வரலாற்றை அறிய விழைவோர் இரண்டையும் கற்றல் வேண்டும்.