வாவிக்கரை தந்த பேராசான்

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் இம்மலரில், சுவாமி விபுலாநந்தரை நினைவுகூர விழைகின்றோம். துறவி என்றும் யாழ்நூலாசிரியர் என்றும் அவரை அறிவோம். பலரை ஒரு பணியில் இணைத்தவர் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தினார். பின்பு இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1924இல் துறவு பூண்டார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

அக்காலத்தில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கப் போதிய சொற்கள் இல்லை. சொல் இல்லையேல் தாய்மொழிக் கல்வியும் இல்லை. 1936இல் சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்கு அடிகளாரே தலைமை தாங்கினார். தமிழும் விஞ்ஞானமும் ஒருங்கே அறிந்த அவர் தனித்தும் ஓர் அகராதி எழுதியிருக்கலாம். ஆனால் ஒருவர் ஆக்கிய சொல்லை ஊர் ஏற்பது அரிது. துறைதோறும் அறிஞர் கூடினர். பொருளை விஞ்ஞானம் கற்றவர் விளக்க, சொல்லைத் தமிழறிந்தவர் தேட வேண்டியிருந்தது. ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்யாமல் ஒரு சொல்லும் பிறவாது. 1938இல் அச்சொற்றொகுதி நூலாயிற்று.

இன்று எமது மாணவியரின் குழுச் செயற்றிட்டங்களில், கெட்டிக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் எழுத, ஏனையோர் பெயரை மட்டும் இடுவதுண்டு. உழைத்தவளுக்குச் சலிப்பு, மற்றவர்க்குக் கல்வி நட்டம். ஒவ்வொருத்திக்கும் அவளே பொறுப்பேற்கும் ஒரு பங்கைக் கொடுப்பதும், ஒருத்தியின் பங்கு இன்றி மற்றவளின் பங்கு முற்றுப்பெறாதவாறு வேலையை அமைப்பதும், முடிவை எல்லோரும் கூடியிருந்து திருத்தச் செய்வதும் ஆசிரியர் கடன். வல்லவள் தன் வேகத்தைச் சற்றே அடக்கவும் பழக வேண்டும். அடிகளார் பணி எமக்கு உணர்த்துவது இதுவே.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 யூனில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அவர் கணித்தவாறு அமைந்த யாழ்களை இசைவாணர் அங்கு மீட்டினர். அந்த நாளிலும் அவர் தனித்து நிற்கவில்லை. அடுத்த மாதம், யூலை 19ஆம் நாள், இறைவனடி சேர்ந்தார். கல்லடியில், தாம் வளர்த்த வித்தியாலய வளவிலேயே துயில்கின்றார்.

கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ஊர் வரும்போது கல்லடிப் பாலம் கடந்து, பிள்ளைகளுடன் அவ்விடம் சென்று வாருங்கள் என அன்புடன் வேண்டுகின்றோம்.