பதினாறு வயதில் வந்த பயம்

கிரிவலம் போகும்போது ரமணாசிரமத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கோவணத்தோட சாந்தமா உட்கார்ந்திருக்கும் ரமணர் படமும் தெரியும். அவரும் ஒரு காலத்துல நம்மைப் போல ஸ்கூலுக்குப் போன பையன்தான்!

வெங்கட்ராமன் என்பது இயற்பெயர். 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தார். 1892-ல் அப்பா இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்து, அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தார். படிப்பைவிட ஃபுட்பால், குஸ்தி, நீச்சல்தான் பிடிக்கும். தூங்கினா அடிச்சாக்கூட எழ மாட்டார்.

1896 ஜூலை மாதம். வீட்டில் தனியா உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. திடீர்னு சாகப் போறோம்ங்கிற பயம் பிடிச்சுக்கிச்சு. யாரையும் கூப்பிடலை. கை காலை விறைப்பா நீட்டிப் படுத்து, மூச்சை அடக்கி, வாயை இறுக மூடி, பிணம் மாதிரி கிடந்தார். சாகிறது இந்த உடம்புதானே, அப்படின்னா நான் யார்னு தனக்குள்ளேயே விசாரிச்சார். பயம் போயிடுச்சு. அப்புறம் சாவு பயமே அவருக்கு வரலை.

அடியார்கள் இதை ஞானம்னு சொல்றாங்க. நாம அதுக்கு வியாதிப் பேர் வைக்க வேண்டாம். ஆனா காரணமே தெரியாத பயம் நம்மிலும் சில பேருக்கு வருது. நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்க்கும், மூச்சு முட்டும், செத்துடுவோம்னு தோணும். சில நிமிஷத்துல உச்சிக்குப் போய்த் தானா இறங்கும். இது திரும்பத் திரும்ப வந்து ஆளையே முடக்கினா டாக்டர்கள் பீதி நோய்ங்கிறாங்க. நாலு பேர் முன்னால பேச நடுங்கி லீவு போட்டுக்கிட்டே இருக்கிறது சமூக பயம். நாய், உயரம், ஊசின்னு ஏதோ ஒண்ணுக்கு மட்டும் அளவுக்கு மீறி அலறுறது இன்னொரு வகை. பரீட்சை, வீடு, உடம்புன்னு எல்லாத்தையும் நினைச்சு மாசக்கணக்கா தூக்கம் கெட்டா அது பொதுப் பதற்ற நோய். நம்ம பக்கம் காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க! டாக்டரிடம் போனா பேச்சு சிகிச்சையிலும், தேவைப்பட்டா மாத்திரையிலும் நல்லாவே குறையும். 14416-க்கு போன் பண்ணினா இலவசமா தமிழ்லயே பேசலாம்.

வெங்கட்ராமன் தனக்கு நடந்ததை வீட்டில் சொல்லலை. பாடத்தில் மனசு போகலை. தினமும் மீனாட்சியம்மன் கோயிலில் போய் நின்னார். ஆகஸ்ட் 29 அன்று இம்போசிஷனைப் பாதியில் போட்டுட்டு, அண்ணனோட காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கிட்டு, சீட்டு எழுதி வச்சுட்டுக் கிளம்பிட்டார். கொஞ்சம் ரயில், கொஞ்சம் நடை. வழியில் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வச்சார். செப்டம்பர் 1 காலையில் அண்ணாமலையார் கோயிலில் நின்னார்.

பாதாள லிங்கத்தில் பூச்சி கடிச்சது கூடத் தெரியாம இருந்தாரேன்னு எல்லாரும் வியப்பாங்க. எனக்கு அவர் அம்மா அழகம்மாளை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. சீட்டில் தேட வேண்டாம்னு இருந்தது, ஊர் பேர் இல்லை. 1898-ல்தான் பவழக்குன்றில் மகனைப் பார்த்தாங்க. அழுது அழுது கூப்பிட்டும் அவர் வாய் திறக்கலை, எழுதித்தான் காட்டினார். அம்மா தனியா திரும்பினாங்க. 1916-ல் மகனோடவே தங்க மலைக்கு வந்துட்டாங்க. 1922 மே 19-ல் அம்மாவின் உயிர் பிரியும்வரை, தலையிலும் நெஞ்சிலும் கை வச்சபடி ரமணர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவின் சமாதி இருக்கும் இடத்தில்தான் ஆசிரமம் வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-ல் ரமணரும் அங்கேயே மறைந்தார்.