நடுங்கும் கையைக் கவனித்த டாக்டர்

எப்போதும் போல இந்தப் பக்கத்தில் தலைவர் படம் ஒட்டவில்லை. ஏனென்றால் இவருடைய உண்மையான படம் யாருக்குமே கிடைக்கவில்லை. போட்டோ பிடிக்கும் காலம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர்தான் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

இளமை: இங்கிலாந்தில் லண்டன் நகரத்தின் ஹாக்ஸ்டன் பகுதியில் 1755 ஏப்ரல் 11 அன்று பிறந்தார். அப்பாவும் மருத்துவர். அவரிடமே தொழில் கற்று, அதே பகுதியில் வைத்தியம் பார்த்தார். ஏழைகளின் உரிமைக்காகப் புனைபெயரில் சிறு நூல்கள் எழுதினார். 1794-ல் அரசாங்கமே அவரைக் கூப்பிட்டு விசாரித்தது.

சாதனை: 1817-ல், தன் 62-வது வயதில், நடுக்குவாதம் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார. அதில் வருபவர்கள் ஆறே பேர். சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார்! சும்மா இருக்கும்போதே கை நடுங்கும். முதுகு கூனும். விழப்போவது போல வேகமாகக் குட்டிக் குட்டி அடி வைப்பார்கள். இவையெல்லாம் சேர்ந்து ஒரே நோய் என்று எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1824 டிசம்பர் 21 அன்று காலமானார். பல வருடம் கழித்து, ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் அந்த நோய்க்கு இவர் பெயரை வைத்தார்.

இன்று: மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைவதுதான் காரணம் என்று 1960-ல் தெரிந்தது. அதற்கு லெவோடோபா மாத்திரை வந்தது. நம்ம ஊர் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. ஆனால் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது! மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. நோயை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது.

இதை ஏன் எழுதினேன் தெரியுமா? எங்க தாத்தாவுக்கும் கை நடுங்கும். டீ டம்ளரைப் பிடிச்சா பாதி சிந்திடும். குடிச்சிருக்கார்னு சில பேர் சொன்னாங்க. நானும் அவர் மாதிரி நடந்து காட்டி சிரிச்சிருக்கேன். போன வருஷம் பெரியாஸ்பத்திரியில டாக்டர் தாத்தாவை நடக்கச் சொன்னார், விரலை மூடித் திறக்கச் சொன்னார். பார்த்தே பார்க்கின்சன் நோய்னு சொல்லிட்டார். இப்போ மாத்திரை சாப்பிட்டு தாத்தா தானே சட்டைப் பொத்தான் போடுறார்.

நான் பார்த்த அதே நடையைத்தான் பார்க்கின்சனும் பார்த்தார். நான் சிரிச்சேன். அவர் கவனிச்சார். நாமும் கவனிப்போம்!


9-ஆம் வகுப்பு மாணவி