ஊமைத்துரை

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளே நாம் உலகை அறியும் வாயில்கள் ஆகும். இவ்வாயில்களுள் ஒன்று அடைபட்டால் மனிதனுடைய அறிவும் ஆற்றலும் குன்றிவிடுமோ? இவ்வினாவிற்கு விடையாக விளங்குகின்றது பாஞ்சாலங்குறிச்சி வீரர் ஊமைத்துரையின் வாழ்க்கை.

கரிசல் மண் பரந்து கிடக்கும் வானம் பார்த்த நிலத்தில், ஒட்டப்பிடாரத்திற்கு அருகே அமைந்தது பாஞ்சாலங்குறிச்சி. அப்பாளையத்தை ஆண்டவர் வீரபாண்டிய கட்டபொம்மன். அவர்தம் தம்பியே ஊமைத்துரை. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் குமாரசாமி என்பதாகும். அவருடன் போர் புரிந்த ஆங்கிலப் படைத்தலைவருள் ஒருவராகிய ஜேம்ஸ் வெல்ஷ், பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக எழுதினார். 1830-இல் வெளிவந்த அந்நூலில், ஊமைத்துரை செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர் என்றும், மெலிந்த உயர்ந்த உடலினர் என்றும், எவராலும் அடக்க இயலாத மனவுறுதி உடையவர் என்றும் அவர் குறித்துள்ளார்.

செவிப்புலன் அற்றவர் பேச்சையும் இழப்பது ஏன்? செவி மூன்று பகுதிகளை உடையது. புறச்செவி ஒலி அலைகளைத் திரட்டிச் செவிப்பறைக்கு அனுப்புகின்றது. பறை அதிர்ந்ததும், நடுச்செவியில் உள்ள சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போலச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதனுள் நிறைந்த நீர்மம் அசைய, நுண்மயிர்களை உடைய உயிரணுக்கள் கிளர்ச்சி அடைகின்றன. அக்கிளர்ச்சி செவி நரம்பின் வழியே மூளையை அடைந்த பின்னரே நாம் ஒலியைக் கேட்கின்றோம்.

குழந்தை பிறர் பேசக் கேட்டுக் கேட்டே பேசக் கற்கின்றது. பிறவியிலேயே செவி அடைபட்ட குழந்தைக்கு நாவும் மிடறும் குறையின்றி இருப்பினும், கேட்டுப் பயிலும் வழி இல்லாமையால் பேச்சு தானே மலர்வதில்லை. ஆதலின் பேசாமை அறிவின்மையைக் காட்டுவது அன்று. இவ்வுண்மையைப் பண்டைக்காலத்தில் பலரும் உணராதிருந்தனர்.

ஊமைத்துரையின் நாட்டு மக்கள் இதனைப் பழக்கத்தால் உணர்ந்திருந்தனர். அவர்தம் கைச்சாடைகளை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அவர் விரல் அசைவே அவர்களுக்குக் கட்டளை ஆயிற்று. போர் தொடங்கக் கருதினால், வைக்கோல் துரும்புகள் சிலவற்றை இடக்கையில் பரப்புவார். அவை ஆங்கிலப் படையைக் குறிக்கும். பின்னர் வாயால் சீறொலி எழுப்பி, வலக்கையால் அவற்றைத் துடைத்தெறிவார். தாக்குவீர் என்பது அதன் பொருள். அவ்வாறு ஏவிவிட்டுப் பின்தங்கி நிற்பவர் அல்லர் அவர். தாமே முன்னணியில் பாய்வார்.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அக்டோபர்த் திங்களில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார்.

ஓராண்டுக்கு மேல் கழிந்தது. 1801 பிப்ரவரி 2-ஆம் நாள், ஆங்கில அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் இல்லத்தில் விருந்துண்டு மகிழ்ந்திருந்த வேளையில், ஊமைத்துரையும் தோழரும் காவலரை மடக்கிச் சிறையினின்றும் வெளியேறினர். இரவோடிரவாக ஏறத்தாழ 30 மைல் கடந்து, பொழுது புலருமுன் தம் ஊரை அடைந்தனர். மக்கள் திரண்டனர், ஆணும் பெண்ணும் மண் சுமந்தனர். ஒரு வாரத்திற்குள் படையுடன் வந்த மெக்காலே, வெற்றிடமாக விடப்பட்ட நிலத்தில் புதிய கோட்டை ஒன்று நிமிர்ந்து நிற்கக் கண்டு வியந்தார். போரிடுவதற்குத் தம் படை போதாதெனக் கருதித் திரும்பினார்.

மார்ச் 31-ஆம் நாள் ஆங்கிலேயர் பெரும்படையுடன் மீண்டும் தாக்கினர். வேலி முள்ளும் மண்மதிலும் வீரர்தம் வேலும் அவர்களைத் தடுத்து நிறுத்தின. பலரை இழந்து அவர்கள் பின்வாங்கினர். கர்னல் அக்னியூ புதிய படைகளும் பெரும்பீரங்கிகளும் கொண்டு வந்த பின்னரே, மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

அன்று ஊமைத்துரை புண்பட்டுக் களத்திலே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, குற்றுயிராய்க் கிடந்த மைந்தனைக் கண்டாள். அவனோ தன்னை விடுத்து, அருகே கிடந்த தலைவரைக் காக்குமாறு வேண்டினான். அத்தாய் துயரை அடக்கிக்கொண்டு, துணைக்கு வந்த பெண்களுடன் அவரைத் தூக்கிச் சென்றாள். பகைவர் தேடி வந்தபோது, அப்பெண்கள் அவரை வெண்துணியால் மூடி, அம்மை நோயால் இறந்த பிள்ளை எனக் கூறி அழுதனர். அம்மைக்கு அஞ்சிய வீரர் விலகி ஓடினர். பேச இயலாத தலைவரைக் காக்க அப்பெண்களின் நாவே கருவியாயிற்று.

உயிர் தப்பிய ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரருடன் சேர்ந்து போரிட்டார். காளையார்கோயில் வீழ்ந்தபின் திண்டுக்கல் மலைப்பகுதியில் பிடிபட்டார். 1801 நவம்பர் 16-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அவ்வூரின் பெயரையே ஆவணங்களினின்றும் நீக்க அக்கால ஆட்சியினர் முயன்றனர். ஆயினும் மக்கள் நெஞ்சினின்றும் அப்பெயர் நீங்கவில்லை. 1974-இல் தமிழ்நாடு அரசு அங்கே நினைவுக்கோட்டை எழுப்பியது.

சாடை மொழி வெறும் கையசைவு அன்று என்பதை இன்றைய நரம்பியல் தெளிவாக்கியுள்ளது. பேசும் மொழியைப் புரிந்துகொள்ளப் பெரும்பாலோர்க்குப் பெருமூளையின் இடப்பக்கமே உதவுகின்றது. கையால் பேசுவோர்க்கும் அதே பகுதியே உதவுகின்றது. செவியின் வழி வந்தாலும் கண்ணின் வழி வந்தாலும், மூளை மொழியை மொழியாகவே ஏற்கின்றது. ஊமைத்துரை சிறையிருந்த பாளையங்கோட்டையிலேயே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவிப்புலன் குன்றிய சிறுவர்க்கென ஒரு பள்ளி தோன்றியது. அங்குப் பயின்ற பலர் கல்வியும் தொழிலும் கற்று வாழ்வில் உயர்ந்தனர்.

பொறி ஒன்று குறையினும் அறிவு குறைவதில்லை. குறையுடையோரைப் புரிந்துகொள்ளச் சுற்றத்தார் முன்வந்தால், அவர்தம் ஆற்றல் நாட்டிற்கே பயன்படும். பாஞ்சாலங்குறிச்சி மக்கள் தம் தலைவரின் கைமொழியைக் கற்றனர்; அதனாலேயே அவர் அவர்களை நடத்திச் செல்ல இயன்றது.