ஸர் ஹரி ரிக்கார்டோ: இயந்திரத்தின் வலுவறிந்த பேரறிஞர்

மருதானையை அடுத்துள்ள பஞ்சிகாவத்தையை அறியாத கொழும்புவாசி இரார். மோட்டார் வண்டிகளின் உதிரிப்பாகங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும் அவ்விடத்துக்குப் புறக்கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். பாட்டனார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் காரையோ புதுப்பித்து ஓட்டும் ஆசை கொண்ட இளைஞர் பலர் அங்கே கடை கடையாக ஏறி இறங்குவதைக் காணலாம். இரட்டைக் காபரேற்றரும் பருத்த புகைக்குழாயும் வாங்கி மாட்டிவிட்டால் வண்டி பறக்கும் என்பது அவர்கள் எண்ணம். சில வேளை அது பறக்கத்தான் செய்கிறது. பல வேளைகளிலோ, மேட்டில் ஏறும்போது இயந்திரத்தினுள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற ஓர் ஒலி கேட்கிறது. அதைப் பொருட்படுத்தாது ஓட்டினால் ஈற்றில் முசலம் பொசுங்கி, வண்டி கராஜில் படுத்துவிடுகிறது.

அந்தத் தட்டொலி யாது? அது ஏன் எழுகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

ஹரி ரிக்கார்டோ 1885ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் கட்டிடக் கலைஞர். தாய்வழிப் பாட்டனார் புகழ்பெற்ற பொறியியலாளர். 1898இல் அப்பாட்டனார் ஒரு மோட்டார் வண்டி வாங்கினார். இங்கிலாந்தில் மோட்டார் வண்டியைக் கண்ணாற் கண்டவர்களே மிகச் சிலராயிருந்த அக்காலத்தில், 13 வயதுச் சிறுவனான ஹரிக்கு அது பெரும் புதையலாயிற்று.

1903இல் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மறு ஆண்டு அங்கே ஒரு போட்டி நடந்தது. காற் கலன் பெற்றோலில் எவருடைய வண்டி அதிக தூரம் ஓடும் என்பதே போட்டி. ரிக்கார்டோ தாமே ஆக்கிய மோட்டார் சைக்கிளுடன் வந்தார். வந்தவற்றுள் மிகப் பாரமான வண்டி அதுவே. ஆயினும் 40 மைல் ஓடி வெற்றி பெற்றதும் அதுவே. இதனைக் கண்ட பேராசிரியர் பேர்ட்ரம் ஹொப்கின்சன் அம்மாணவரைத் தம் ஆய்வுகூடத்துக்கு அழைத்துக்கொண்டார். இயந்திரம் ஓடும்போது அதனுள்ளே நிகழ்வதை ஊகிக்காமல் அளந்தறிய வேண்டும் என்பது அவ்வாசிரியரின் நெறி. சீடர் அதை இறுதிவரை கைவிடவில்லை. ஆசிரியரோ 1918இல் விமானமோட்டும்போது விபத்துக்குள்ளாகி மாண்டார்.

அக்காலத்தில் தட்டொலிக்குக் காரணம், தீப்பொறி எழுமுன்பே வாயு பற்றிக்கொள்வதுதான் எனப் பலரும் நம்பினர். உண்மை வேறு என்பதை ஹொப்கின்சனும் ரிக்கார்டோவும் கண்டனர். தீப்பொறியிலிருந்து சுவாலை பரவிச் செல்லும்போது, இன்னும் எரியாத கடைசிப் பகுதி வாயு ஒரு மூலையில் நெருக்குண்டு சூடேறுகிறது. சுவாலை வந்து சேருமுன்பே அது தானாக வெடிக்கிறது. அவ்வெடிப்பே தட்டொலி. வாயுவை எவ்வளவு நெருக்குகிறோமோ அவ்வளவுக்கு வலு மிகும். ஆனால் தட்டொலி எழும் இடத்தில் அந்த வளர்ச்சி நின்றுவிடும். எனவே இயந்திரத்தின் வலுவுக்கு எல்லைக்கல் நடுவது எரிபொருளும் அது எரியும் அறையின் வடிவமுமே என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

முதலாம் உலகப் போர் அவருக்கு ஒரு பெருஞ் சோதனையைக் கொண்டுவந்தது. பிரித்தானியரின் யுத்த தாங்கிகளில் 105 குதிரைவலு இயந்திரங்கள் பூட்டப்பட்டிருந்தன. அவை கக்கிய புகை, தாங்கி நிற்குமிடத்தைப் பகைவருக்குக் காட்டிக்கொடுத்தது. புகையால் உள்ளேயிருந்த வீரரின் உயிருக்கே ஆபத்து. இக்குறை நீக்கும் பணி ரிக்கார்டோவிடம் வந்தது. அலுமினியம் விமானங்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது; தாங்கிக்குக் கிடைத்ததோ தரங்குறைந்த பெற்றோல். சிறந்த பாகங்களைத் தெரிந்தெடுக்கும் வசதி அவருக்கு இருக்கவில்லை. இருந்தவற்றைக் கொண்டே சிந்தித்தார். எண்ணெய் மேலேறிப் புகையாகாதபடி முசலத்தின் அமைப்பையே மாற்றினார். அவர் வரைந்த புதிய இயந்திரம் 150 குதிரைவலு தந்தது, புகையும் அடங்கியது. 1917 ஏப்பிரலில் வாரத்துக்கு 100 இயந்திரங்கள் வெளிவந்தன. மொத்தம் 8,000க்கு மேற்பட்டவை சேவைக்கு வந்தன. அவற்றுட் சில நூறு, பாசறைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் வெளிச்சம் கொடுத்தன.

போரின் பின் அவர் எரிபொருள் ஆராய்ச்சியில் ஆழ்ந்தார். ஓடும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒரு சோதனை இயந்திரத்தை அமைத்து, ஒவ்வோர் எரிபொருளும் எவ்விடத்தில் தட்டத் தொடங்குகிறது என்று அளந்தார். போர்னியோத் தீவில் எடுத்த பெற்றோல், அடர்த்தி கூடியது என்ற காரணத்தால் வீணே எரித்தொழிக்கப்பட்டு வந்தது. தட்டொலிக்கு மிக நன்றாக ஈடுகொடுப்பது அதுவே என்பதை அவர் சோதனைகள் காட்டின. எரிபொருள்களைத் தரம்பிரிக்க அவர் வகுத்த அளவீடு, பின்னர் அமெரிக்காவில் தோன்றிய ஒக்டேன் எண்ணுக்கு முன்னோடி எனலாம். இன்று நம் நாட்டில் 92, 95 என்று எண் பார்த்துப் பெற்றோல் நிரப்பும் ஒவ்வொருவரும் அவ்வாராய்ச்சியின் பயனை நுகர்பவரே.

சாதாரண மக்களின் கார்களுக்கு அவர் செய்த உபகாரம் இன்னும் பெரிது. அந்நாளிற் பெரும்பாலான கார்களில் வால்வுகள் உருளையின் பக்கத்தில் இருந்தன. செய்வதற்கு மலிவு, ஆனால் வலுக் குறைவு. ரிக்கார்டோ மாற்றியது முக்கியமாக ஒரே பாகத்தைத்தான். நம் மெக்கானிக்மார் ஹெட் என்று சொல்லும் உருளைத்தலையே அது. எரியும் அறையை வால்வுகளுக்கு மேலே ஒதுக்கி, மறுபுறத்தில் முசலம் தலையோடு உரசுமளவுக்கு நெருங்கி வரும்படி செய்தார். அந்த ஒடுங்கிய இடைவெளியிலிருந்து வாயு பீறிட்டுச் சுழன்றது, சுவாலை விரைந்து பரவியது, தட்டொலி பின்வாங்கியது. மலிவான இயந்திரம், விலையுயர்ந்த மேல்வால்வு இயந்திரத்தோடு ஏறக்குறையச் சமமாக நின்றது. அனுமதியின்றி இதனைப் பின்பற்றியோர்மீது 1930களில் வழக்காடி வெற்றியும் பெற்றார். 1931இல் இலண்டன் பஸ்களின் டீசல் இயந்திரங்களுக்கும் அவர் புதிய எரியறை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1948இல் ஸர் பட்டம் அவரை வந்தடைந்தது. 1974 மே 18ஆம் திகதி, 89ஆவது வயதில், அவர் காலமானார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? நாமறிந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அது 918 கன சதமமீற்றர் பக்கவால்வு இயந்திரத்துடன் ஏறக்குறைய 27 குதிரைவலு தந்தது. 1952இல் இயந்திரம் 803 ஆகச் சிறுத்தது. வலுவோ 30 ஆக உயர்ந்தது. மூச்சு விடும் வழியும் எரியும் அறையும் திருந்தியதே காரணம். 1962இல் 1098 கன சதமமீற்றருடன் அதே கார் 48 குதிரைவலுவை எட்டியது. ஒரு பாகத்தை மட்டும் பெருப்பித்ததால் வந்த வளர்ச்சியன்று இது. காற்று உட்புகுதல், நெருங்குதல், எரிதல், வெளியேறல் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்ததால் வந்தது.

ஆகவே பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் உருளை ஒவ்வொன்றிலும் அமுக்கம் எவ்வளவென்று அளந்து பாருங்கள். வால்வுகள் சரியாகப் பொருந்துகின்றனவா, நிரப்பும் பெற்றோல் எந்த அமுக்கத்தைத் தாங்கும் என்று விசாரியுங்கள். தேய்ந்த இயந்திரத்துக்கு இரட்டைக் காபரேற்றர் மாட்டுவது, சீரணமில்லாதவனுக்கு விருந்து படைப்பது போலாகும். குறை எங்கே என்று கண்டபின் வாங்கும் ஒரு பாகம், காணாமல் வாங்கும் பத்துப் பாகங்களிலும் மேலானது.

பாட்டனாரின் காரைக் கண்டு வியந்த சிறுவன், அதனுள்ளே நிகழ்வதை அளந்தறியும் அறிஞனாக வளர்ந்தான். நம் பாட்டன்மாரின் கார்களும் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. அவற்றின் மூடியைத் திறக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் பணப்பையைத் திறக்குமுன் அறிவையும் திறப்பாராக.