வெற்றிலைப் பையின் விளிம்பையும் எழுதிவைத்த ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராசர் சிலை பற்றி அவர் எழுதியதே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கண்டிக் காலம். ஒரு வெற்றிலைப் பையின் ஓரத்தை எப்படித் தைத்து முடித்தார்கள் என்பதைக்கூட அவர் சிறு விடயமாக நினைக்கவில்லை.

1877 ஆகஸ்ட் 22 இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் தாய்மாமன். தாய் எலிசபெத் ஆங்கிலேயர். இரண்டு வயதாகுமுன் தந்தையை இழந்து, தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தார். புவிச்சரிதவியல் படித்துத் திரும்பி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தார்.

கல்லைத் தேடி மலைநாடெங்கும் அலைந்தவர், அங்கே தச்சரையும் கன்னாரையும் ஓவியரையும் பாய் நெய்பவரையும் கண்டார். மனைவி எதெல் கைவேலை தெரிந்தவர். படம் எடுத்தார், தையல்களை ஆராய்ந்தார்.

கண்டி வேலையில் விளிம்புக்குத் தனி இடம் உண்டு. சுவரோவியமோ பித்தளைத் தட்டமோ, தாமரை இதழ் வரிசையோ கொடியோ ஓரத்தில் ஓடாமல் வேலை முடியாது. வெற்றிலைப் பையில் இது அழகுக்கு மட்டும் அல்ல. கை நாள் முழுக்க உள்ளே போய்வரும் பை ஓரத்தில்தான் முதலில் பிரியும். ஆகவே சிவப்பு, நீல நூல்களால் ஓரத்தை நெருக்கி மூடித் தைத்தார்கள். அந்தத் தையலுக்குச் சிங்களத்தில் பூரானின் பெயர்.

1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய நூல் இவற்றையெல்லாம் சேர்த்துவைத்தது. இங்கிலாந்தில் தன் வீட்டிலேயே, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்தில், 15 மாதங்கள் அருகிலிருந்து அச்சிடுவித்தார். 425 பிரதிகள் மட்டுமே.

அந்த நூலில் என்னை நிறுத்துவது, வேலையோடு வேலைக்காரரின் வாழ்வையும் அவர் எழுதியதுதான். மன்னர் காலத்தில் கைவினைஞருக்கு ஊழியத்துக்கு ஈடாகக் காணி இருந்தது. 1815 இல் கண்டி வீழ்ந்தபின் அரண்மனையின் ஆதரவு போனது. கப்பலில் வந்த மலிவுச் சரக்கு மிச்சத்தையும் தின்றது. கை மறந்ததால் கலை அழியவில்லை, கையைத் தாங்கிய வாழ்வு உடைந்ததால் அழிந்தது என்பதே அவர் கண்டது.

1917 இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றார். 1947 செப்டெம்பர் 9 இல் அமெரிக்காவிலேயே காலமானார். ஒரு தமிழரின் மகன் சிங்களக் கிராமத்தவரின் தையலை இவ்வளவு மரியாதையோடு எழுதிவைத்தார் என்பதை, இத்தனை இழப்புகளுக்குப் பிறகும் நான் பெருமையோடுதான் நினைக்கிறேன்.

நம் ஊர்களிலும் விளிம்பு கட்டும் கைகள் உண்டு. பனையோலைக் கடகத்தை இழைப்பது ஒரு வேலை, நாரால் அதன் வாயைப் பொத்தி முடிப்பது இன்னொரு வேலை. பொத்தாத கடகம் நெல்லைத் தாங்காது. இடம்பெயர்ந்து, பனையையும் வளவையும் விட்டு வந்த அம்மம்மாக்கள் சிலருக்கு அது இன்னும் தெரியும். நாரை எப்படிக் கிழித்தார்கள், யார் வாங்கினார்கள், அந்த வருமானத்தில் வீடு எப்படி ஓடியது என்று கேட்டு எழுத வேண்டும். கண்டி வீழ்ந்து 93 ஆண்டுகள் கழித்தே குமாரசுவாமியின் நூல் வந்தது. நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.